கைக்கோடரியைக் காதுக்குச் சொல்வது

கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம் எண்ணூர் முகத்துவாரம். அதையொட்டிய மீனவர் ஊர் முகத்துவாரக்குப்பம். இந்த ஊர்ப்பக்கத்தைப் பற்றி வெளியே எழுதப்படுவது பெரும்பாலும் சாம்பலும் எண்ணெயும்தான்: அனல்மின் நிலையங்களிலிருந்து வந்து கழிமுகத்தில் படிந்த சாம்பல், 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு இறங்கி வந்த எண்ணெய். எழுதப்பட வேண்டியவைதான். நான் பேச வந்தது இதே ஆற்றுப்படுகையில் கிடைத்த ஒரு கல்லைப் பற்றி.

பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், கொசஸ்தலைப் படுகையில், அத்திரம்பாக்கம் இருக்கிறது. புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு பழைய கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பலவற்றைக் கண்டார்கள். இந்தியாவின் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்துதான் சூடுபிடித்தது. சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொன்னது. ஃபூட் சேர்த்து வைத்திருந்த கற்களை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அவற்றுக்கான பட்டியல் நூல் 1914-இல் வந்தபோது ஃபூட் உயிருடன் இல்லை.

அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் ஒன்று கைக்கோடரி. அதற்குக் காம்பு கிடையாது. கைதான் காம்பு. ஒரு முனை தடித்து உருண்டிருப்பது உள்ளங்கையில் பொருந்துவதற்காக. அதன் எடை, சமநிலை, விளிம்பின் கூர்மை எல்லாம் கைக்குத் தெரியும் சமாசாரங்கள். தொல்லியல் மாணவர்களும் இதைக் கையில் உருட்டிப் பார்த்துத்தான் கற்கிறார்கள். கைக்காகவே செய்த இந்தப் பொருளை நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம், பிறகு படம் பிடித்து இணையத்தில் ஏற்றினோம். இரண்டு முறையும் அது கண்ணுக்கான பொருளாகத்தான் மாறியது.

முகத்துவாரக்குப்பத்தில் பார்வையில்லாத ஒருவர் இந்தக் கல்லைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊர் ஆற்றின் கல். அருங்காட்சியகம் இருக்கும் எழும்பூருக்குப் போக விம்கோ நகர் வரை பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, அங்கிருந்து மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலைக்கு இன்னொரு ஆட்டோ பிடிக்க வேண்டும். 1851-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகம் இன்று பல கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்களாகப் பரந்து கிடக்கிறது. கூட வர ஒருவர் வேண்டும். அவருக்கு அன்றைய கூலி போகும். போய்ச் சேர்ந்தாலும் கல் கண்ணாடிக்குப் பின்னால். ஆகவே வீட்டிலிருந்தபடியே அருங்காட்சியகத்தைக் காணலாம் என்ற இணையத்தின் வாக்குறுதி யாரையும்விட இவருக்குத்தான் அதிகம் பொருந்த வேண்டும்.

பொருந்துகிறதா என்று சோதிக்கப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏதாவதொரு அருங்காட்சியகத் தளத்துக்குள் போய்ப் பாருங்கள். நன்றாகச் செய்யாத தளமென்றால் கேட்பது இதுதான்: ‘பட்டன். பட்டன். படம். ஐஎம்ஜி சைபர் நான்கு ஏழு இரண்டு. இணைப்பு. பட்டன்.’ படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பகுதிக்குள் போய் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி தெரியாது. பெருமையாக அறிவிக்கப்படும் 360 பாகைச் சுற்றுலாக்கள்தான் இதில் மோசம். முழுக் காட்சிக்கூடமும் ஒரே பெரிய படம். திரைவாசிப்பானுக்கு அது வெறும் சுவர்.

பொருள்களை இணையத்தில் ஏற்றும் வேலை இந்தியாவில் நடக்காமல் இல்லை. புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘ஜதன்’ மென்பொருளின் மூலம் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழுள்ள அருங்காட்சியகங்கள் தங்கள் பொருள்களைப் பதிவு செய்து, ‘மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா’ தளத்தில் வெளியிட்டிருக்கின்றன. பட்டனுக்குப் பெயர் வைப்பது, விசைப்பலகையால் நகர வைப்பது போன்றவற்றை ஒரு நல்ல நிரலாளர் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். அதற்கான விதிகள் 1999-இலிருந்தே உலகளவில் இருக்கின்றன. 2023 அக்டோபரில் புதுப்பிக்கப்பட்டன. சிக்கல் நிரலில் முடிந்துபோயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. பட்டனைத் தாண்டி உள்ளே போனால் அங்கே கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாலும் இப்படி ஏதாவது இருக்கும்: ‘கைக்கோடரி. குவார்ட்சைட். பழைய கற்காலம். அத்திரம்பாக்கம். 14 × 8 செ.மீ.’ (அளவு நானாகப் போட்டது, பாணி அதுவேதான்.) இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இது யாருக்காக எழுதப்பட்டது என்று யோசித்தால் விஷயம் புரியும். அருங்காட்சியகப் பதிவேடு அடிப்படையில் சொத்துக் கணக்கு. பொருள் காணாமல் போனால் அடையாளம் சொல்லவும், தணிக்கைக்காரர் வந்தால் எண்ணிக் காட்டவும் எழுதியது. பொருளைப் பார்த்துக்கொண்டே எழுதுபவர், அதைப் பார்க்கப்போகிற இன்னொருவருக்காக எழுதுகிறார். எனவே பார்த்தால் தெரிகிற எதையும் அவர் எழுதவில்லை. உருவம், கோணம், மேற்பரப்பு, பார்த்ததும் தோன்றும் எண்ணம் எல்லாம் பக்கத்திலிருக்கும் பொருளிடமே விடப்பட்டன. அந்தப் பதிவேட்டை அப்படியே கணினியில் தட்டி, பக்கத்தில் ஒரு படத்தையும் வைத்ததும் அது ‘இணையச் சேகரிப்பு’ ஆகிவிட்டது. படம் தெரியாதவருக்கு எஞ்சுவது தணிக்கைக் குறிப்பு.

இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘உள்ளங்கையைவிடச் சற்று நீளமான கல். பெரிய மாங்கொட்டையின் வடிவம். ஆனால் அதைவிட நடுவில் தடிப்பு. ஒரு முனை உருண்டிருக்கிறது, மறுமுனை ஒடுங்கிக் கூராகிறது. இரண்டு முகங்களிலும் சிப்பியின் உட்புறம்போல ஆழமில்லாத குழிகள். ஒவ்வொரு குழியும் ஓர் அடியில் தெறித்துப்போன சில்லின் இடம். குழியும் குழியும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வரம்பு. விளிம்பில் விரலை ஓட்டினால் நேராகப் போகாமல் பாம்புபோல நெளிந்து போகும், ஏனென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறித் தட்டியிருக்கிறார்கள்.’ ஐம்பது அறுபது சொற்கள்தான். இதில் மாங்கொட்டையும் சிப்பியும் அலங்காரத்துக்காக வரவில்லை. கேட்பவரின் கை முன்பே அறிந்த பொருள்கள் என்பதால் வருகின்றன. கண் தெரிந்த நானும் இதை எழுதிய பிறகுதான் விளிம்பு ஏன் நெளிகிறது என்று யோசித்தேன்.

செப்புத் திருமேனிகளில் நிலைமை வேறு மாதிரி. அங்கே விவரிப்புக்குக் குறைவில்லை. வலது பின்கையில் உடுக்கை, முன்கையில் அபய முத்திரை, காலடியில் முயலகன் என்று எழுதும் மரபு பழையது, செறிவானது. ஆனால் பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு ‘அபய முத்திரை’ என்ன சொல்லும்? முழங்கை மடங்கி, உள்ளங்கை எதிரில் நிற்பவரைப் பார்க்க, விரல்கள் மேல்நோக்கி நிற்கின்றன என்று சொன்னால் அவர் தன் கையையே அப்படி வைத்துப் பார்க்கலாம். கலைச்சொல்லை விட வேண்டியதில்லை. அதை உடம்பின் சொல்லாக ஒருமுறை அவிழ்த்துவிட்டால் போதும்.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி உலகப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியவர் பிரெஞ்சுச் சிற்பி ரோடின். அவர் சென்னைக்கு வரவேயில்லை. விக்டர் கோலூபியூ என்பவர் காட்டிய புகைப்படங்களைப் பார்த்துத்தான் 1913 வாக்கில் எழுதினார். 1921-இல் பாரீசில் அது அச்சேறியது. ஒருவகையில் இந்த அருங்காட்சியகத்தின் முதல் தொலைதூரப் பார்வையாளர் அவர்தான். படங்களை வைத்துக்கொண்டு உடலை அங்கம் அங்கமாகச் சொல்லில் வடித்தார். பொருளிடம் போக முடியாதவருக்கும் பொருளுக்கும் நடுவில் படம் வந்து, படத்துக்கும் வாசகருக்கும் நடுவில் சொல் வந்த கதை அது. அந்தச் சொல்தான் நம் இணையப் பதிவுகளில் விடுபட்டுப்போனது.

சொல்லால் காட்டுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு, பந்து எந்தப் பக்கம் போகிறதென்று மனத்தில் மைதானம் போட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்தில் முழுப் படத்தையும் காதாலேயே பார்த்தவர்கள் வட சென்னையில் எத்தனை பேர்! கும்பாபிஷேகத்தில் ஒலிபெருக்கிக்காரர், கோபுரம் தெரியாத தூரத்தில் நிற்கும் கூட்டத்துக்கு இதோ குடம் மேலே போகிறது, இதோ நீர் விழுகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு இருக்கும் அக்கறை அருங்காட்சியகப் பதிவருக்கும் வேண்டும். சிகாகோவின் தற்காலக் கலை அருங்காட்சியகம் 2010-களின் நடுவில் ‘கொயோட்டி’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, படங்களை விவரிக்கும் வேலையை ஒரு நிபுணரிடம் விடாமல் பல துறை ஊழியர்களிடமும் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று. ஒரே படத்துக்கு இரண்டு பேரின் விவரிப்பும் இருக்கலாம். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி அம்சம்தான்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் நொடியில் செய்துவிடாதா என்று கேட்பார்கள். கைக்கோடரியை இயந்திரம் ‘வெள்ளைப் பின்னணியில் பழுப்பு நிறக் கல்’ என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் அப்படிச் சொல்ல அருங்காட்சியகம் எதற்கு? முதல் வரைவுக்கு அதைப் பயன்படுத்தலாம். பொருளை அறிந்த ஒருவர் படித்துத் திருத்தாமல் வெளியிடக் கூடாது.

தமிழுக்கென்று தனித் தலைவலிகள் உண்டு. 1999-க்குப் பின் தமிழக அரசு பயன்படுத்திய டாம், டாப் குறியீடுகளிலும், தனியார் எழுத்துருக்களிலும் தட்டிய பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானுக்கு அவை ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. 2010-இல் ஒருங்குறியை அரசு ஏற்ற பின் வந்த பக்கங்களில் இந்தத் தொல்லை இல்லை, பழையவற்றை மாற்றினால்தான் உண்டு. அடுத்தது பிடிஎஃப். ஒரு பழைய பட்டியல் நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வலையேற்றினால், அது படமே தவிர எழுத்தல்ல. ஃபூட்டின் பட்டியல் போன்ற நூல்கள் சொற்களால் ஆனவை; நூறாண்டுக்கு முன்பே கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டத் தக்கவையாக இருந்தன. எழுத்துணரி கொண்டு உரையாக மாற்றாமல் வருடி மட்டும் ஏற்றினால், வாசிக்க முடிந்ததையும் பார்க்க மட்டுமே முடிவதாக ஆக்கிவிடுகிறோம். காப்புரிமை என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. 2012-இல் திருத்திய இந்தியச் சட்டம் ஊனமுற்றோருக்காக வடிவம் மாற்ற அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான்.

ஒருங்குறியில் சரியாக இருந்தாலும், பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை விழுங்கிவிட்டு எண்களை மட்டும் சொல்லும். ‘கி.மு.’, ‘செ.மீ.’ என்று சுருக்கி எழுதினால் குரல் தடுக்கி விழும். விரித்து எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. ‘க’ என்பதைக் காகம் என்பதில் இரண்டு விதமாக உச்சரிக்க வேண்டும் என்பது நமக்குப் பழக்கத்தால் தெரியும், இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற நிரலாளர்கள் இருவர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும், 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு வரும் இ-ஸ்பீக் என்ற குரல்பொறி தமிழும் பேசும். குரல் கொஞ்சம் தகரம்போல இருக்கும். பழகிய காதுகள் அதை நாம் நினைப்பதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கின்றன.

இதுவரை பார்வையைப் பற்றியே பேசிவிட்டேன். துறைமுகத்திலோ ஆலையிலோ விரல்களை இழந்தவருக்கும் கை நடுங்குபவருக்கும் படத்தைப் பிடித்து இழுத்துச் சுழற்று என்பது நடக்காத காரியம். ஒரே தட்டில் அது நடக்க வேண்டும். செவித்திறன் இல்லாதவருக்கு ஒலி வழிகாட்டி எதற்கும் உதவாது. அவருக்கு எழுத்து மட்டும் போதும் என்பதும் தவறு. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைதான் முதல் மொழி, தமிழ் பள்ளியில் சிரமப்பட்டுக் கற்றது. இந்தியச் சைகை மொழி ஆய்வு மையம் 2015-இல் உருவாகி, பத்தாயிரம் சொற்கள் கொண்ட காணொளி அகராதியைத் தந்திருக்கிறது. முக்கியமான பொருள்களுக்காவது சைகைக் காணொளி வைக்கத் தளவாடம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலையை அவர்கள் அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. 42ஆம் பிரிவு மின்னணு வடிவிலுள்ள உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. 29ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரியும் உண்டு: ஊனமுற்றோரின் வரலாற்று அனுபவங்களைப் பதிவுசெய்யும் அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட வேண்டும். சென்னை கடற்கரையோரம் 2022-இல் திறந்த ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ உதவிக் கருவிகளைத் தொட்டும் இயக்கியும் பார்க்கக்கூடிய நல்ல இடம். சட்டம் கேட்கும் வரலாறு வேறு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அவர்களுடைய கதைக்கு ஓர் அலமாரி தேறாதா?

அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-இலிருந்தே இருக்கின்றன. 2023-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. நெறி இருப்பதும் அதை மீறினால் ஏதாவது நடப்பதும் வேறு வேறு. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டிருந்த, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வகுத்த 15(1)ஆம் விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது. அந்த வழக்கு வங்கிகள் கேட்கும் முக அடையாளச் சரிபார்ப்பைப் பற்றியது. கைக்கோடரிக்கும் அதற்கும் தூரம் அதிகம் என்று ஓர் அதிகாரி வாதிடக்கூடும்.

மறுபடி கைக்கே வருகிறேன். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015 டிசம்பரில் ‘அனுபவ்’ என்ற தொடுகைக் காட்சிக்கூடத்தைத் திறந்தது. பொருள்களின் பிரதிகள், பிரெய்லி, ஒலிக் குறிப்பு எல்லாம் அங்கே உண்டு. இணையத்தில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது முப்பரிமாணக் கோப்பு. திரையில் சுழலும் அந்த உருவம் பார்வையற்றவருக்குப் பயன்படாது; அச்சிட்டுக் கையில் கொடுத்தால் பயன்படும். அதிலும் ஒரு கோளாறு. உள்ளே காற்றும் பிளாஸ்டிக்குமாக அச்சாகும் பிரதி கல்லின் எடையில் சிறு பங்குதான் இருக்கும், கைக்கோடரி பொம்மையாகிவிடும். இந்த ஒரு பொருளுக்குக் கணினி வேண்டாம் என்பது என் கட்சி. அதே படுகையின் குவார்ட்சைட் கூழாங்கல்லை எடுத்து, தட்டத் தெரிந்த ஒருவரிடம் பிரதிகள் செய்து, எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இருக்கும் நூலகங்களுக்கு ஒவ்வொன்று அனுப்பலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனில் விவரிப்பைக் கேட்கலாம்.

எண்ணூர்க் கழிமுகத்தில் சேற்றுத் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கலங்கிய நீரில் கண் யாருக்கும் உதவாது. விரல் நுனிதான் இறாலையும் சிப்பியையும் கல்லையும் பிரித்தறிகிறது. கட்டுமரமும் அப்படித்தான், கை அறிந்த பொருள். பிரிட்டிஷ் நூலகத்திலும் லண்டன் வெல்கம் சேகரிப்பிலும் மெட்ராஸ் கடற்கரைப் படகுகளின் பழைய ஓவியங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கயிற்றால் பிணைத்த மரங்களான கட்டுமரம் ஒருபுறம், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகு மறுபுறம். இந்தப் படங்களைத் தமிழில் விவரிக்க வேண்டுமானால் அணியம் எது, அமரம் எது, எந்த மரம் நடுவில் வரும், கட்டு எங்கே விழும் என்று தெரிந்தவர் வேண்டும். ஃபைபர் படகு வருமுன் கட்டுமரம் கட்டிய, இன்று வயதாகிக் கண் மங்கிய ஒருவர் குப்பத்தில் உட்கார்ந்திருப்பார். படத்தை அவரால் பார்க்க முடியாது. பேரப்பிள்ளை அதில் தெரிவதைச் சொல்லச் சொல்ல, அவர் திருத்திக்கொண்டே வருவார்: ‘அது கயிறு இல்லடா, துடுப்பு. அணியம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு.’

அருங்காட்சியகப் பதிவில் கண்டெடுத்தவர் பெயருக்கும், நன்கொடை தந்தவர் பெயருக்கும், படமெடுத்தவர் பெயருக்கும் கட்டங்கள் உண்டு. இந்தத் தாத்தாவின் பெயரை எழுத இன்னும் ஒரு கட்டம் போட வேண்டும்.